மத்தியானச் சங்கு ஊதும்வரை நான் அப்பா இல்லை

அன்றைக்கு என் வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பது.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். கல்யாணம் கட்ட இந்தியாவுக்குப் போனவர் மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. அதனால் எட்டு வயது ராசாத்திக்கும் ஆறு வயது தங்கராசுக்கும் நானே வாத்தியார் ஆகிவிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்துப் படித்தவன். தெரிந்தது கொஞ்சம். மிரட்டல் நிறைய!

மறுநாள் தலவாக்கலை டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "நல்லா பதில் சொன்னா சேர்த்துக்கிறேன். இல்லாட்டி அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று அங்கே பெரிய வாத்தியார் சொல்லியிருந்தார். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளிப் போனால் கடைசியில் ராசாத்தி முதுகில் கொழுந்துக் கூடைதான்.

ஆனால் அது கவ்வாத்துக் காலம். தேயிலைச் செடி வெட்டுகிறவனுக்கு லீவு ஏது?

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய என் மனைவி காமாட்சியிடம், "எனக்கு வயித்துவலின்னு கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிரு" என்றேன்.

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."

"வயித்துக்குள்ள எட்டிப் பாக்கவா போறாரு? சொல்லு!"

போனாள். சொன்னாள். கணக்கப்பிள்ளை, "நேத்து நல்லாத்தானே இருந்தான்?" என்று ஒரு பார்வை பார்த்தாராம். இவள் பயத்தில், "வாந்தியும் இருக்குங்க, பேதியும் இருக்குங்க, துடிக்கிறாருங்க" என்று அள்ளிவிட்டிருக்கிறாள். பொய் சொல்ல வராதவள்!

வாந்திபேதி என்றால் தோட்டமே நடுங்கும். கணக்கப்பிள்ளை உடனே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் தெரியாமல், வரிசையாக வீடுகள் ஒட்டிய எங்கள் லயத்தில் நான் வகுப்பைத் தொடங்கினேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் கரி பூசியதுதான் கரும்பலகை. என் வகுப்பில் இரண்டு சட்டம் உண்டு.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மத்தியானச் சங்கு ஊதும்வரை நான் அப்பா இல்லை, சார். சங்கு ஊதிய பிறகு அப்பா.

அடுத்தது, யார் எது கேட்டாலும் எழுந்து, கையைக் கட்டி, புத்தகத்தில் உள்ளதுபோல முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். டவுன் வாத்தியார் அசந்துபோக வேண்டாமா?

ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி தாண்டியிருப்போம். ராசாத்தி வாசலை எட்டிப் பார்த்து, "டொக்டர் ஐயா நம்முடைய லயத்துக்கு வருகிறார் சார்" என்றாள். முழு வாக்கியம்தான். சந்தோஷப்பட எனக்கு நேரமில்லை!

பாயில் விழுந்தேன். கம்பளியை இழுத்துத் தலைவரை மூடினேன். கையில் சோக்குக் கட்டி அப்படியே இருந்தது.

டொக்டர் ஐயா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "தம்பி, எங்கடா உங்கப்பா?"

தங்கராசு எழுந்தான். கையைக் கட்டினான். "எங்கள் அப்பா இங்கே இல்லை ஐயா."

"அப்ப கம்பளிக்குள்ள கெடக்கிறது யாரு?"

"கம்பளிக்குள் கிடப்பவர் எங்கள் சார் ஐயா."

"சாருக்கு வயித்துவலியாமே?"

"எங்கள் சாருக்கு வயிற்றுவலி இல்லை ஐயா. வயிற்றுவலி என்று அம்மாவைச் சொல்லச் சொன்னார் ஐயா."

ஒரு பிழை இல்லை! கம்பளிக்குள் நான் இன்னும் சுருண்டுகொண்டேன்.

டொக்டர் ஐயா கம்பளியை மெதுவாக விலக்கினார். என் கையிலிருந்த சோக்கைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ராசாத்தி பக்கம் திரும்பி, "எதுக்கும்மா இவ்வளவு அவசரப் படிப்பு?" என்றார்.

"நாளைக்கு நாங்கள் டவுன் பள்ளிக்கூடத்தில் சேரப் போகிறோம் ஐயா."

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு என்னிடம், "வலி இருக்கா, இல்லையா? இருந்தா மருந்து. இல்லாட்டி தோட்டத்துப் பெரிய தொரைக்கு ரிப்போட்டு. நீயே சொல்லு" என்றார்.

"இருக்குங்க ஐயா! பயங்கரமா இருக்குங்க!"

பையிலிருந்து பேதியுப்பை எடுத்தார். பெரிய கோப்பை நிறையக் கரைத்தார். கடைசிச் சொட்டுவரை நின்று பார்த்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். இதைக் குடிச்சவன் நாளைக்கு மலையேற மாட்டான்."

மறுநாளைக்கும் லீவு வேண்டுமே என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. படிப்பிக்கிற லட்சணம்!

அரை மணி நேரத்தில் உப்பு வேலையைக் காட்டியது. கக்கூசு லயத்துக் கோடியில். வகுப்பை நிறுத்த மனமில்லை. ஓடிக்கொண்டே, "ஈரேழு?" என்று கத்துவேன். "பதினாலு!" என்று ராசாத்தி வீட்டிலிருந்து கத்துவாள். திரும்பி வருவதற்குள் மறுபடி ஓட்டம். "ஏழேழு?"

பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா கைப்பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்து, "என்னா தம்பி, வெளையாட்டுப் பீரியடா?" என்று கேட்டது.

தங்கராசு மட்டும் பலகையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, கால் தள்ளாட, இருவரையும் கூட்டிக்கொண்டு பெரிய வாத்தியார் முன்னால் போய் நின்றேன்.

ராசாத்தி ஏழாம் வாய்ப்பாட்டை நிற்காமல் ஒப்பித்தாள். அடுத்து தங்கராசு.

"எத்தனை வரைக்கும் எண்ணுவே தம்பி?"

"நான் பதினொன்று வரை எண்ணுவேன் ஐயா."

"ஏன், பதினொன்னோட நிறுத்திட்டே?"

"அதற்குப் பிறகு எங்கள் சார் போகவில்லை ஐயா."

பெரிய வாத்தியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு உங்க சார்?"

தங்கராசு என்னைக் காட்டினான்.

"அப்ப உங்கப்பா வரலியா? இவரு உனக்கு யாரு?"

பையன் திணறினான். என்னைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. கடைசியில் கையை இறுக்கக் கட்டிக்கொண்டு கேட்டான்:

"மத்தியானச் சங்கு ஊதிவிட்டதா ஐயா?"

வேறு வழியில்லை. நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெயர் எழுதும் இடாப்பை இழுத்து இரண்டு பேருடைய பெயரையும் எழுதினார். "முழு வாக்கியம் பேசுற புள்ளைங்களை விட்டுட ஏலுமா?" என்றார்.

சாயந்திரம் மலையிலிருந்து வந்த காமாட்சி, நடந்ததையெல்லாம் கூடையை இறக்கக்கூட மறந்து நின்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த தடவை பல்லுவலின்னு சொல்லிர்றேங்க" என்றாள்.

"ஐயோ வேணாம்! டொக்டர் ஐயாகிட்ட பல்லுப் புடுங்குற குறடு இருக்கு!"

அவள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. எனக்கு இன்றுவரை பல்வலி வந்ததே இல்லை. வந்தபோதும் சொன்னதில்லை.