வரம்பில்லாத கார்டும் முதல் கையெழுத்தும்

கடன் பத்திரத்தில் முதல் கையெழுத்து நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்ணாடியார் திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது சபதம் செய்தார். வாய் நிறைய நுரை. அதனால் உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், அம்மணி அடுத்த அறையில் இருந்தாள்.

கண்ணாடியார் என்பது தெருவார் வைத்த பேர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. அவர் மனைவி அம்மணி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கொடுப்பவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வீட்டில் இரண்டே பேர். சொந்தமாக ஒரு சின்ன ஃபிளாட் வாங்கலாம் என்று முந்தின வாரம்தான் பேங்கில் போய்க் கடன் கேட்டிருந்தார்கள். அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"மேடத்தோட கிரெடிட் ஸ்கோர் எழுநூத்து இருபத்தெட்டு. சாரோடது அறுநூத்து எண்பது. கார்டு வரம்புல எண்பது சதவீதத்தை எடுத்துச் செலவு பண்ணியிருக்கார். முப்பதைத் தாண்டினாலே ஸ்கோர் இறங்கும்."

"அப்படி என்னங்க வாங்கினீங்க?" என்று அம்மணி ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். ஒரு கூடாரம், மூன்று தூண்டில், மடக்கு நாற்காலி நாலு. அவர் இதுவரை தூண்டில் போட்டது குளியலறைத் தொட்டியில்தான்.

"அடுத்த மாசம் வாங்க. யார் ஸ்கோர் அதிகமோ அவங்கதான் முதல் விண்ணப்பதாரர்" என்றார் அதிகாரி. அன்றிலிருந்து கண்ணாடியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மேல்மாடி இன்ஷூரன்ஸ்காரர்தான் வழி காட்டினார்.

"உங்ககிட்ட சார்ஜ் கார்டு இருக்கா சார்?"

"எப்பவோ வாங்கினது, அலமாரியில கிடக்கு."

"அட, புதையலை வெச்சுக்கிட்டா புலம்பறீங்க? அதுக்கு வரம்பே கிடையாது. வரம்பே இல்லேன்னா எதுல சதவீதம் போடுவான்? முக்காவாசி ஸ்கோர் கணக்குல அதை அந்தச் சதவீதத்துல சேர்க்கறதே இல்லை. செலவையெல்லாம் அதுல போடுங்க. சம்பளத்தைப் பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்குக் கட்டுங்க. ஸ்கோர் ஜிவ்வுனு ஏறும். ஆனா ஒண்ணு..."

கண்ணாடியார் அதற்குள் பாதி மாடிப்படி இறங்கிவிட்டார்.

மளிகை, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் சார்ஜ் கார்டுக்குப் போயின. சம்பளம் முழுக்கப் பழைய கார்டுக்குப் போயிற்று. ஸ்கோர் ஏறிற்றா என்று செல்போனைப் பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார், லிஃப்டில் பார்த்தார், முகம் கழுவும் முன்பும் பின்பும் பார்த்தார். கடையில் கவனம் பிசகி, கிட்டப்பார்வைக்காரர் ஒருவருக்கு வேறு யாருடைய லென்ஸையோ பொருத்திவிட்டார். அந்த மனிதர் வாசல் என்று நினைத்து ஷோகேஸுக்குள் நுழையப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று துள்ளினார்.

"எழுநூத்து முப்பத்தொண்ணு!"

"எது, பிரஷரா? உக்காருங்க, மாத்திரை எடுத்துட்டு வரேன்."

"ஸ்கோர்! உன்னைவிட மூணு கூட!"

"அடேயப்பா! எப்படிங்க?"

அவர் சொன்னார். அம்மணி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"அப்ப அதுல எவ்வளவு செலவு பண்ணினாலும் ஸ்கோருக்கு ஒண்ணும் ஆகாதா?"

"கடல்ல ஒரு வாளி மொண்டா கடல் குறையுமா?"

"புது வீட்டுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கணும். என் கார்டுல போட்டா என் ஸ்கோர் இறங்கிடுமே..."

"நீ ஏன் போடணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

"உங்க மனசு யாருக்குங்க வரும்!"

அந்த மனசில் ஒரு சோபாவும் ஏறி உட்கார்ந்தது.

மாதக் கடைசியில் பில் வந்தது. கண்ணாடியார் படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். மொத்தத் தொகையையும் எட்டு நாளைக்குள் கட்ட வேண்டும். தவணை கிடையாது, பாதி கட்டும் பேச்சே கிடையாது. மேல்மாடிக்கு மூச்சிரைக்க ஓடினார்.

"அதைத்தான் சார் 'ஆனா ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சேன். நீங்க எங்க நின்னீங்க? தேதி தவறினா ஸ்கோர் அதலபாதாளம்தான்."

அம்மணியிடம் கேட்கலாம். கேட்டால் முதல் கையெழுத்து போச்சு, மானமும் போச்சு. ஏழு நாள் தூக்கமில்லாமல் புரண்டார். எட்டாம் நாள் பழைய கார்டைக் கொண்டுபோய் ஏ.டி.எம்.மில் சொருகி, அது விட்ட மட்டும் பணமாக எடுத்துச் சார்ஜ் கார்டுக்குக் கட்டினார். தேதி தப்பவில்லை. பழைய கார்டின் வரம்பில்தான் தொண்ணூற்றாறு சதவீதம் போய்விட்டது.

மறுவாரம் பேங்க் அதிகாரி மறுபடி கம்ப்யூட்டரைத் தட்டினார். புருவம் உயர்ந்தது.

"சாருக்கு அறுநூத்து ஐம்பத்திரண்டு. மேடத்துக்கு எழுநூத்து எழுபத்தாறு! எப்படி மேடம்?"

"இந்த மாசம் வீட்டுச் செலவு பூரா இவரே பார்த்துக்கிட்டார் சார். என் கார்டை வெளியவே எடுக்கலை. சம்பளம் அப்படியே மிஞ்சிச்சு, இருந்த பாக்கியையும் கட்டிட்டேன்."

கண்ணாடியார் அவள் காதருகே குனிந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கார்டோட வந்த சின்னப் புத்தகம், பதினாலாம் பக்கம். மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வெச்ச காகிதத்தையே படிக்கறவ நான். நீங்க ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறீங்க, அதைப் பிரிக்கக்கூட இல்லை. கேட்டிருந்தா குடுத்திருப்பேனேங்க. எட்டு நாளும் கேட்பீங்க கேட்பீங்கன்னு காத்திருந்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

"இந்த ஸ்கோரோட சார் பேரைச் சேர்த்தா வட்டி ஏறும் மேடம்" என்றார் அதிகாரி.

"அப்ப அவரை விட்டுடுங்க சார். என் பேர் மட்டும் போதும்."

அதிகாரி படிவத்தை எடுத்து அம்மணியின் பேர், வேலை, சம்பளம் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உங்களை நம்பி இருக்கறவங்க எத்தனை பேர் மேடம்?"

அம்மணி கண்ணாடியாரைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

"ஒருத்தர் சார்."