வலம் சுற்றிய உருத்திராட்சம்

அந்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் வாயைத் திறந்தால் இரண்டே பேச்சு. ஒன்று, இட ஒதுக்கீடு கேட்டு நடக்கப்போகும் சாலை மறியல். இன்னொன்று, ஊசல் சாமி.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே, ஒரு சித்தர் சாமியின் கனவில் வந்து உருத்திராட்சக் கொட்டை ஒன்றைக் கொடுத்தாராம். விழித்துப் பார்த்தால் கொட்டை கையில் இருந்ததாம். நேரில் வந்து கொடுக்கச் சித்தருக்கு என்ன கூச்சமோ தெரியவில்லை. அந்தக் கொட்டையைக் கறுப்பு நூலில் கட்டி, எந்தப் பொருளின் மேல் பிடித்தாலும் அது சுற்றும். வலமாகச் சுற்றினால் நல்லது. இடமாகச் சுற்றினால் கெட்டது. அவ்வளவுதான் சாஸ்திரம். படிக்க ஒரு நாள்கூட ஆகாது என்பதால் ஊருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரு மாதமாக விதைநெல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து ஒருவர் மாப்பிள்ளையையே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார். கொட்டை மாப்பிள்ளையின் தலைக்கு மேல் கொஞ்சம் யோசித்துவிட்டு வலமாகச் சுற்றிற்று. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் மாலை சாமிக்குப் பட்டு வேட்டி கொடுத்திருந்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

நம்பியவர்களில் முதல் வரிசையில் நின்றவர், கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த சுப்புராயன்.

நல்ல மனிதர். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மருந்து என்று யார் வந்தாலும் பொட்டலத்தோடு ஒரு கைப்பிடி சுக்கும் சேர்த்துப் போடுவார். அவர் கடையில் அதிகம் போகும் சரக்கு திராட்சாரிஷ்டம். உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி, வெல்லம் சேர்த்து, ஜாடியில் புளிக்கவைத்து இறக்குவது. வெள்ளைக்காரன் அதை ஒயின் என்பான், நாம் மருந்து என்போம். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறும், பசி எடுக்கும் என்பார்கள். அந்த ஆண்டு சாராயக் கடைகளை மூடியதிலிருந்து ஊரில் ஆண்களுக்கும் திடீரென்று பசியே எடுப்பதில்லை. அதனால் வியாபாரம் இன்னும் சூடு.

ஆனால் அரிஷ்டத்தை மொத்தமாக வாங்குவது லேசான காரியம் இல்லை. ஜாடி மூடியிருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. சுப்புராயன் ஒருமுறை, மூடப்போகிற வைத்தியசாலை ஒன்றின் சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். தேன்போல இருந்தது. பொங்கலுக்குள் விற்றுத் தீர்ந்தது. அந்தத் தெம்பில் அடுத்த முறையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். அது ஜாடிக்குள்ளேயே மறுபடி பொங்கி, பட்டப்பகலில் மூடிகள் படார் படாரென்று தெறித்தன. ஏதோ கலவரம் என்று கடைவீதி முழுக்கக் கதவைச் சாத்திவிட்டது. மூன்றாவது முறை பயந்துபோய், திருக்கோவிலூர் பிச்சைமுத்து வைத்தியர் மலிவாகக் கொடுத்த நல்ல சரக்கை வேண்டாம் என்று சொன்னார். சங்கராபுரத்துக் கடைக்காரர் ஒருவர் அதை அள்ளிக்கொண்டு போய்ப் பெரிய மனிதர் ஆகிவிட்டார். வாங்கியும் வருத்தம், வாங்காமலும் வருத்தம். இப்படிப்பட்ட மனிதருக்குச் சுற்றிச் சொல்லும் கொட்டை ஒன்று கிடைத்தால் விடுவாரா?

மறியல் தொடங்க ஒரு நாள்தான் இருந்தது. தொடங்கிவிட்டால் சாலையில் மரம் விழும், சரக்கு வராது. அன்று காலை இரண்டு தரப்பு வந்து கடை வாசலில் இறங்கியது. ஒன்று, பிச்சைமுத்து வைத்தியர், மாட்டு வண்டியில் பழைய பீங்கான் ஜாடிகளோடு. இன்னொன்று, அய்யப்பன் என்ற தரகன், தங்கக் காகிதம் ஒட்டிய புத்தம்புது கேன்களோடு. "மலை ஆசிரமத்துச் சரக்குங்க" என்றான். எந்த ஆசிரமம் என்று யாரும் கேட்கவில்லை.

சாமி வந்தார். பின்னால் ஊர் வந்தது. கேன் மேல் கொட்டையைப் பிடித்தார். வலம்.

"அமிர்தம்!" என்றார் சாமி.

ஜாடி மேல் பிடித்தார். இடம்.

"விஷம். இதைக் குடிக்கிற வீட்டில் தொட்டில் ஆடாது!"

கூட்டம் "ஐயோ" என்றது. பிச்சைமுத்து வைத்தியருக்குக் கண்கள் கலங்கின. 

"நாப்பது வருசமா எறக்கிக்கினு இருக்கேன் சுப்புராயா. ஒருத்தர் கொற சொன்னதில்ல."

"நான் இன்னா பண்றது வைத்தியரே? கொட்டையே சொல்லிடுச்சே!" என்றார் சுப்புராயன். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் கொட்டையைவிடவா?

கேன்கள் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகத் தரகனுக்கு வாக்குக் கொடுத்தார். சாயங்காலம் நல்ல நேரத்தில் சாமி வந்து கேனைத் திறந்து ஆசீர்வதிப்பது, முதல் அவுன்ஸை வீட்டில் படுத்திருக்கும் மகள் சந்தியாவுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சந்தியாவுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

இதைக் கேட்டதும் அவர் மனைவி ராஜாம்பாள் உள்ளிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"ஏங்க, யார் வூட்டு சரக்குன்னே தெரியாது, அதப் போயி பச்ச ஒடம்புக்காரிக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

"சாமி சொல்றாரு ராஜாம்பா."

"சாமியா குடிக்கப் போறாரு? எம் பொண்ணு குடிக்கப் போறா."

பக்கத்துப் பாத்திரக் கடையிலிருந்து ரியாசுதீன் எட்டிப் பார்த்தார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்த வீட்டில் குழம்பு தாளித்தால் அந்தக் கடையில் தும்முவார்கள். தொழுகையைத் தவறவிடாதவர், மதுவின் வாசனை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர். அன்று முகத்தைத் திருப்பாமல் வந்தார்.

"சுப்புராயண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சிக்காதீங்க. அந்தக் கொட்ட சரக்கப் பாக்குதா, பாத்திரத்தப் பாக்குதா?"

"இன்னா பாய், சரக்கத்தான். ஊடுருவிப் பாக்குமாம்."

"நான் பாத்திரம் விக்கிறவன். பாத்திரம் வேற, உள்ள இருக்கிறது வேறன்னு எனக்குத் தெரியும். சரக்க மாத்தி ஊத்தி வெச்சிடுங்க. ஜாடில இருக்கிறது கேனுக்கு, கேன்ல இருக்கிறது ஜாடிக்கு. ஊடுருவிப் பாக்குற கொட்டைக்கு அதுல இன்னா கஷ்டம்?"

சுப்புராயன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிய சோதிக்கிறதா? சாபம் வுட்டுடுவாரு பாய்!"

"சாபத்த என் கணக்குல எழுதச் சொல்லுங்க. நான் வேற எடத்துலதான் பதில் சொல்லணும்" என்று மேலே கையைக் காட்டிச் சிரித்தார் ரியாசுதீன்.

சுப்புராயன் யோசித்தார். சாமியின் சக்தி உண்மை. ஆகவே கொட்டை ஏமாறாது. ஆகவே பாய்க்கு நல்ல பாடம். இப்படி நினைத்துத்தான் ஒப்புக்கொண்டார். மதியம் ஆளில்லாத நேரத்தில், கடையின் பின்கட்டில், கணவனும் மனைவியும் வைத்தியர் இன்னும் திருப்பி ஏற்றாத ஜாடிகளில் ஒன்றையும் ஒரு கேனையும் காலிசெய்து மாற்றி ஊற்றினார்கள். தங்கக் காகிதத்தை ராஜாம்பாள் சோற்றுப் பருக்கையால் அழகாக ஒட்டினாள்.

சாயங்காலம் கூட்டம் காலையைவிட ஜாஸ்தி. நாளைக்கு மரம் வெட்டப் போகிறவர்கள்கூட அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து கும்பிட்டு நின்றார்கள். சாமி கேனுக்கு மேல் நூலைப் பிடித்தார். கண்ணை மூடினார். ஊர் மூச்சை அடக்கிற்று.

வலம். அதுவும் காலையைவிட வேகமாக.

"அமிர்தம்! தாய்க்கும் சேய்க்கும் நூறு வயசு!"

"சாமி, இந்த ஜாடியையும் கடைசியா ஒரு தரம் பாத்துடுங்க. வைத்தியரு மனசு ஆறணும் பாருங்க" என்றார் ரியாசுதீன் மிகப் பணிவாக.

சாமி சலித்துக்கொண்டே பிடித்தார். இடம்.

"விஷம்தான். சாக்கடையில் ஊற்று!"

"ஊத்திடலாங்க. சுப்புராயண்ணே, நீங்களே சொல்லிடுங்க."

 சுப்புராயனின் நாவே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டிய நிலை. கட்டிலில் படுத்திருக்கும் மகள் முகம் நினைவுக்கு வந்தது. சொன்னார்.

"கேன்ல இருக்கிறது வைத்தியர் சரக்கு. ஜாடில இருக்கிறது மலையாசிரமத்துச் சரக்கு. மத்தியானம் நாங்கதான் மாத்தி ஊத்தினோம்."

"பொய்!" என்று கத்தினான் அய்யப்பன்.

"பொய்யா? அப்ப சொம்பு எடு" என்று முன்னால் வந்தான் பாவாடை. அஜீரணத்துக்காக அரிஷ்டம் வாங்குகிறவர்களில் மூத்தவன். ஜாடியிலிருந்து ஒரு மடக்குக் குடித்தான். இன்னொரு மடக்கு, சந்தேகத்துக்காக. இன்னொன்று, சந்தேகம் தீர்ந்ததற்காக.

"யோவ், இன்னாய்யா ஆசிரமம்? இது நம்ம மலையில காச்சுற சாராயம்யா! வெல்லத்தக் கருக்கிக் கலந்துகினு வந்திருக்கான். இதையா பெத்தவளுக்குக் குடுக்கப் பாத்தீங்க?"

 சுப்புராயன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் தரகனைத் தேடியது. தரகன் ஏற்கெனவே கரும்புத் தோட்டத்துக்குள் இருந்தான்.

சாமி மட்டும் விடவில்லை. "கலி முற்றிவிட்டது. பாத்திரத்தை மாற்றியதால் தெய்வம் கோபித்துத் திசை மாற்றிக் காட்டியது!" என்றார். நாலைந்து பேர் அதற்கும் தலையாட்டினார்கள். தலைகள் பழகியிருந்தன.

 ராஜாம்பாள் நூலைச் சாமி கையிலிருந்து வாங்கினாள். கடைச் சட்டத்தில் தராசு மாட்டுகிற ஆணியில் கட்டி, கொட்டையை ஜாடிக்கு மேலே தொங்கவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொட்டை கொஞ்சம் ஆடியது. நின்றது. பிறகு அப்படியே தொங்கிற்று. ஜாடியை நகர்த்திவிட்டுக் கேனை வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் அப்படியே. ஆணிக்கு யாரும் வேட்டி வாங்கிக் கொடுக்கவில்லை. ஆகவே கொட்டைக்கு எந்தப் பக்கமும் சுற்ற மனம் வரவில்லை. ஆண்டவனை நினைத்து உருட்ட வேண்டிய மணி, முதன்முறையாக மரியாதையோடு சும்மா இருந்தது.

அப்புறம் கைகள் ஓங்கின. ரியாசுதீன்தான் குறுக்கே போய் நின்றார்.

"அடிக்காதீங்க. அவரு நம்ம கழுத்தப் புடிச்சா இழுத்துகினு வந்தாரு? மாட்ட நாமதான் ஓட்டியாந்தோம், மாப்பிள்ளைய நாமதான் கூட்டியாந்தோம்."

 ஓங்கின கைகள் தலையைச் சொறியப் போயின.

சுப்புராயன் எழுந்து பிச்சைமுத்து வைத்தியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்ன மன்னிச்சிடுங்க வைத்தியரே."

"வுடு சுப்புராயா. மொதல்ல பொண்ணுக்கு ஒரு அவுன்ஸ் குடு. என் எதிருல குடிக்கட்டும்" என்றார் வைத்தியர். ஜாடிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

சாமிக்கு ஊரைவிட்டு ஓட ஆசைதான். ஆனால் மறியலுக்குப் பயந்து மதியமே கடைசி பஸ் போய்விட்டது. விடியும்வரை பொறுக்காத யாரோ, இருட்டுவதற்குள்ளேயே சின்னசேலம் சாலையில் முதல் மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். ஏமாற்றிய ஊரிலேயே வசமாக மாட்டிக்கொண்டு, பஸ் நிலையத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார். ராஜாம்பாள் கேள்விப்பட்டு, ஒரு தூக்கில் சோறும் ரசமும் ஊற்றிக் கணவனிடம் கொடுத்தாள்.

"அவனுக்கா?" என்றார் சுப்புராயன்.

"வயித்துக்குங்க. வயிறு இன்னா பாவம் பண்ணுச்சு?"

சுப்புராயன் கொண்டுபோய்க் கொடுத்தார். சாமி தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். ஒட்டவைத்திருந்த சடாமுடி கொஞ்சம் நழுவியிருந்தது. "கைதாங்க சுத்தும். பாக்குறவங்களுக்குத் தெரியாத மாதிரி சுத்தும்" என்றார் மெல்ல. அந்த நேரம் பாவாடை பக்கத்தில் வந்து குந்தினான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சாமி, நடந்தது நடந்துபோச்சு. இந்த மறியலு எப்ப முடியும்? ஒரே ஒரு தரம் சுத்திப் பாத்துச் சொல்லேன்."

சாமி வாயில் இருந்த கவளத்தை விழுங்கினார்.

"ரோட்டுக்குப் போயிப் பாருய்யா!"

அந்த ஊரில் கேட்ட கேள்விக்கு அவர் அறிந்து சொன்ன ஒரே உண்மையான பதில் அதுதான். பாவாடை அதையும் குறி என்று எடுத்துக்கொண்டு, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சர்க்காரையே நிறுத்திவைத்து ஆயிரம் கேள்வி கேட்கக் கிளம்பிய ஊர் அது. ஒரு கொட்டையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க ஒரு மாதம் ஆயிற்று. ஆண்டவன் நமக்குத் தலையைக் கொடுத்தது, அதைக் கண்டவன் காலில் வைத்துவிட்டு வெறும் கழுத்தோடு வீட்டுக்கு வருவதற்காக அல்ல.