பூசணிக்காய் வந்துகொண்டிருந்தது

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்த பிள்ளைகள் நான்கு. நிறையை வைத்துப் பார்த்தால் ஆறு என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் கடைசி ஆள் குகன் ஒருவனே மூன்று பேருக்குச் சமன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஆரணிதான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். அவளுடைய தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். எனவே என்னுடைய கதை என்னைவிடத் திருத்தமாக வரும்.

ஒரு தாய் தன் பிள்ளையின் தொழிலில் தலையிடக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் தலையிடவில்லை. தொழில்தான் போன் எடுத்து என்னிடம் வந்தது.

குகனின் தொழில் அமெரிக்கன் ஃபுட்போல். பெயர்தான் ஃபுட்போல், காலால் பந்தைத் தொடுவது மிகக் குறைவு. இரண்டு பக்கமும் மாடு மாதிரி ஆட்கள் குனிந்து நிற்பார்கள். விசில் ஊதியதும் முட்டுவார்கள். குகன் தடுக்கிற பக்கத்தில் முன்வரிசை. எதிரிலே நிற்கிறவனைத் தள்ளி விழுத்திவிட்டு, அவனுக்குப் பின்னால் பந்தோடு நிற்கிறவனையும் விழுத்த வேண்டும். (சின்ன வயதில் அக்காமாரை விழுத்தினதற்கு என்னிடம் அடி வாங்கியவன். அதற்கே பிறகு சம்பளம் கொடுத்தார்கள்.)

இங்கே நியூசிலாந்தில், ஆக்லாந்தின் எப்சத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவன் ரக்பிதான் விளையாடினான். அங்கே ஒருமுறை முழங்கால் திருகிக்கொண்டது. அது சுகமாகி வந்த கையோடு, அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவனைப் படிக்கவும் விளையாடவும் கூப்பிட்டது. அந்தச் செய்தி வந்தபோது நான் ஆக்லாந்துக்குத் தெற்கே, தோட்டங்கள் நிறைந்த புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்கிற கொட்டகையில் நின்றேன். போனைக் காதில் வைத்தபடியே முருகனுக்கு நேர்ந்தேன். "நாலு வருஷம் முடிச்சு, ரெண்டு முழங்காலோடயும் என்ர பிள்ளை திரும்பி வந்தா, அவன்ர நிறைக்கு நிறை பூசணிக்காய் தாறன்." ஏன் பூசணிக்காய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்தது அதுதான். ஆப்பிள் கொட்டகையில் நின்றிருந்தால் ஆப்பிள்.

நான்கு வருடம் முடிந்து, இரண்டு முழங்காலோடும் வந்தான். பூசணிக்காய் அறுவடையாகிற ஏப்ரல் மாதம். முருகன் கோயில் குருக்கள் நேர்த்திக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன் நல்ல நேரம் பார்த்துத் தந்தார்.

எங்கள் நேரத்துக்கு அதே ஞாயிற்றுக்கிழமைதான் அமெரிக்காவில் அவனுடைய தலையெழுத்தும் முடிவாக இருந்தது. அங்கே வருடத்துக்கு ஒருமுறை எல்லா அணிகளும் கூடி, கல்லூரி முடித்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி எடுப்பார்கள். மூன்று நாள் நடக்கும். முதல் இரண்டு நாளும் குகனின் பெயர் வரவில்லை. ஞாயிறு காலை எங்கள் வீட்டு டீவியில் கடைசிப் பெயரும் வாசித்து முடிந்தது. அதிலும் இல்லை. குகன் எழும்பிப் போய் வேட்டி கட்டிக்கொண்டு வந்தான்.

காரில் போகும்போதுதான் வாய் திறந்தான். மூத்தவள் மாலதி (ஆரணியின் அம்மா) கார் ஓட்டினாள்.

"அம்மா, இனித்தான் விஷயம் இருக்கு. லிஸ்ட் முடிஞ்ச உடன, மிச்சமா நிக்கிற ஆக்களுக்கு டீம்காரர் போன் எடுப்பினம். ஓம் எண்டு முதல் சொல்லுறவனுக்கு இடம். பிந்தினா அடுத்த ஆளுக்கு எடுத்துப்போடுவினம்."

"அப்ப நீ ஓம் எண்டு சொல்லு."

"வேட்டியில போனை எங்க வைக்கிறது?"

"என்ர ஹான்ட்பாக்கில போடு. அடிச்சா நான் எடுக்கிறன்."

மாலதி கண்ணாடியில் பார்த்தாள். "தம்பி, உன்ர எதிர்காலம் அம்மாவின்ர பாக்குக்குள்ள போகுது. சித்தாலேபைத் தைலமும் திருநீறும் தாண்டித்தான் வெளியில வரும்."

கோயிலில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. அங்கே இருந்த தராசு குழந்தைகளுக்கானது. ஆகவே ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியில் வேலை செய்கிற சுந்தர் என்ற என்ஜினியர், தமிழ்நாட்டுப் பிள்ளை, மண்டபக் கூரையின் இரும்பு உத்தரத்தில் சங்கிலி போட்டுப் பெரிய தராசு ஒன்று கட்டியிருந்தார். "ஆன்ட்டி, பாலம் கட்டுறவன் நான். இது தாங்கும், பயப்படாதீங்க," என்றார்.

தராசு தாங்கியது. குறை வேறு இடத்தில். பூசணிக்காயின் அளவை நான்தான் முடிவு செய்திருந்தேன். முதல் நாளே மாலதி சொன்னாள். "அம்மா, அவன் நூற்றி நாப்பது கிலோவுக்கு மேல."

"அது உனக்கு. தாய்க்குப் பிள்ளையின்ர நிறை தெரியாதே?"

எனக்குக் கண்ணால் பார்த்தாலே நிறை தெரியும் என்ற பெயர் பொதி செய்கிற கொட்டகையில் இருந்தது. அந்தப் பெயர் பூசணிக்காய்க்கு மட்டும் பொருந்தும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

குகன் ஒரு தட்டில் சப்பணமிட்டு இருந்தான். தட்டு நிலத்தில் குந்தியது. மற்றத் தட்டில் பூசணிக்காய்களை அடுக்கினோம். கடைசிக் காயும் ஏறிவிட்டது. குகன் நிலத்தை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. சனம் சுற்றி நின்று பார்த்தது. யாரோ பின்னால், "பிள்ளையை அங்க நல்லாத்தான் பாத்திருக்கினம்," என்றார்கள்.

கோயில் அரிசி மூட்டையை வைப்போமா என்று நான் கேட்டேன்.

"நேர்ந்தது என்னம்மா?" என்றார் குருக்கள்.

"பூசணி."

"அப்ப பூசணிதான். பிள்ளை இறங்கவும் கூடாது. ஏறினா ஏறினதுதான், சமனாகத்தான் இறங்கலாம்."

சுந்தர் கார்ச் சாவியை எடுத்தார். "பக்கத்துல காய்கறிக் கடை இருக்கு, ஓடிட்டு வந்துடறேன். தம்பி, அப்படியே இருங்க."

அவர் போன கையோடு என் ஹான்ட்பாக் அடித்தது.

குகன் நிமிர்ந்தான். சங்கிலி கிறீச்சிட்டது. "அம்மா, போன்."

"தெரியும். இரு."

"அதை வெளியில கொண்டுபோங்கோ," என்றார் குருக்கள். வெளியே, கால் கழுவுகிற இடத்துக்குப் போய் எடுத்தேன். வாசல் வழியாகக் குகனும் என்னைப் பார்த்தான், நானும் அவனைப் பார்த்தேன்.

ஒரு ஆண் குரல் ஏதோ அணியின் பெயரைச் சொல்லி, குகனைக் கேட்டது.

"ஐ ஆம் மதர்," என்றேன். "குகன் நோ கம். குகன் சிட்டிங்."

எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"டெம்பிள். ஸ்கேல். வெயிட், பம்கின் நொட் இனஃப்."

அவர் பொறுமையாக, தன்னிடம் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதை மகனுக்குத் தர விருப்பம், இப்போதே அவர் பேச வேண்டும் என்று விளக்கினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கவில்லை என்று மாலதி இன்றைக்கும் சொல்கிறாள். அது பொய்.

உள்ளே குகன் வாயசைத்தான். "இறங்கட்டே?"

இறங்கினால் நேர்த்தி முறியும். முறிந்தால் முழங்கால். முழங்கால் போன பிறகு எந்த அணி அவனை வைத்திருக்கும்? எனக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. உள்ளங்கையைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

"ஃபைவ் மினிட்ஸ்," என்றேன் போனில். "பம்கின் கமிங்."

போனில் அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. மன்னிக்கவும் அம்மா என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நான் உள்ளே போகவும், சுந்தர் இரண்டு கையிலும் பூசணிக்காயோடு மூச்சு வாங்க ஓடி வரவும் சரியாக இருந்தது. ஒன்று வைத்தோம். இன்னொன்று வைத்தோம். மூன்றாவதில் குகன் மெல்ல நிலத்தை விட்டு எழும்பினான். மணி அடித்தது, சனம் அரோகரா சொன்னது, பெண்கள் படம் எடுத்தார்கள். என் பிள்ளை அந்தரத்தில் ஆடிக்கொண்டு கேட்டான்.

"என்னவாம்?"

"வைச்சிட்டினம்."

அவன் முருகனைப் பார்த்தான். பிறகு பூசணிக்காயைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. இறங்கி வந்து அந்த இலக்கத்துக்கு எடுத்தபோது, இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது.

வீட்டில் மத்தியானம் பூசணிக்காய்க் கறி. (நிறுத்ததை எல்லாம் கோயிலுக்குக் கொடுத்தாயிற்று. இது சுந்தர் கூடுதலாக வாங்கியது.) மாலதி அகப்பையை வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வந்தாள்.

"ஒரு நிமிஷம் போனை அவனிட்ட நீட்டியிருந்தா என்னம்மா?"

"அவன் கை நீட்டினா தராசு ஆடும்."

"ஆடினா ஆடட்டுமே. நாலு வருஷம் அந்தப் பிள்ளை முட்டுப்பட்டது எதுக்கு?"

எனக்குப் பதில் இருந்தது. ஆனால் குகன் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை. அவன் மாலதியைப் பார்த்து, "அக்கா, விடுங்கோ. இறங்கவேணும் எண்டா நான் இறங்கியிருப்பன்," என்றான். அது எனக்கு ஏச்சைவிட மோசமாக இருந்தது. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

பின்னேரம் போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தவன் குகன். காதில் வைத்துக் கேட்டவன், முதலில் விழித்தான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். வேறொரு அணி. அந்தப் பக்கத்து ஆள் கேட்ட முதல் கேள்வி, "பூசணிக்காய் வந்துவிட்டதா?" முதல் ஆள் சிரித்துச் சிரித்துத் தன் சிநேகிதனுக்குச் சொல்லியிருக்கிறார். சிநேகிதன், அம்மா சொன்னால் அசையாமல் இருக்கிற முன்வரிசைக்காரனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாராம். ஒப்பந்தம் இல்லை. வந்து ஓடிக் காட்டு, பிடித்தால் வைத்திருப்போம், அவ்வளவுதான்.

போனான். வைத்திருந்தார்கள். பருவம் தொடங்க முன் நிற்பாட்டினார்கள். அந்தக் கிழமையே திருப்பிக் கூப்பிட்டு, பயிற்சிக்கு மட்டும் நிற்கிற கூட்டத்தில் போட்டார்கள். யாருக்காவது அடிபட்டால் விளையாட விடுவார்கள், காயம் ஆறினால் வெளியே. மூன்று அணி மாறினான். பெயர் சொல்லி எடுக்கப்படாதவனின் உத்தியோகம் அப்படித்தான். பெட்டியை முழுதாகப் பிரித்து அடுக்கிய வீடு அவனுக்கு அங்கே இருக்கவில்லை. ஆனாலும் சில பருவம் நின்று பிடித்தான். தோள் விலகியது, மூக்கு உடைந்தது, விரல்கள் கோணின. முழங்கால் இரண்டும் இன்றைக்கும் புதிது போல இருக்கின்றன. நான் வேறொன்றும் சொல்லவில்லை.

அவனுக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் பம்கின். ஒரு திங்கட்கிழமை, டீவியில் அவன் ஒருவனை விழுத்தினபோது, வர்ணனை செய்கிறவர் உலகம் முழுக்கக் கேட்க அந்தப் பெயரைச் சொன்னார். முருகனின் பெயரை வைத்து வளர்த்த பிள்ளை. எங்கள் வீட்டில் எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

இப்போது குகன் ஆக்லாந்துக்கே திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிறான். எங்கள் குடும்பத்தில் யாராவது குளித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தால், எடுக்கிறவர் சொல்வது ஒன்றுதான். "ஆள் தராசில, பம்கின் கமிங்." ஒருமுறை வங்கியில் இருந்து எடுத்தவருக்கும் அப்படியே சொல்லிவிட்டார்கள். குகனின் மனைவி கலியாணம் முடித்து வந்த புதிதில் இதற்கு அர்த்தம் கேட்டாள். மாலதி ஒரு விதமாகச் சொன்னாள், நான் ஒரு விதமாகச் சொன்னேன். குகன் சிரித்ததோடு சரி.

ஆரணி, இனி முதலில இருந்து வாசி பாப்பம். ஆறுதலா வாசி. போனை வைச்சது நான் எண்டு உன்ர அம்மா எங்கையாவது எழுதுவிச்சிருந்தா, அதை அழிச்சுப்போடு. வைச்சது அவையள்.