கெட்டிமேளம் ஊதிய கியூபாக்காரர்

ரொறன்ரோ முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் கட்டடத்துக் கியூபாக்காரரைப் போல ஒரு பிடிவாதக்காரர் அகப்படமாட்டார். சக்ஸபோன், புல்லாங்குழல் இரண்டிலும் சூரர். ஹவானாவில் பெரிய மேடைகளில் ஜாஸ் வாசித்தவர், ஸ்காபரோவில் பகலெல்லாம் ஒரு கம்பனியில் கோழி இறைச்சி பொதி செய்தார். மறுபடி மேடை கிடைக்கும்வரை மூச்சுக் குறையக்கூடாதாம். பின்னேரம் ஏழு மணிக்கு நிலவறையில் உடுப்புத் துவைக்கும் அறையில் நின்று ஊதுவார்.

மூன்றாம் மாடி அன்ரிக்கு அது ஆகவே ஆகாது. "உவன் ஊதிற ஊத்தில என்ர சீலையெல்லாம் சுருங்குது!" என்று முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு. இன்னும் ஒன்று வந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று மனேஜர் கடிதமே கொடுத்துவிட்டார். மனிதர் அசைவாரா? காருக்குள் ஏறி, கண்ணாடிகளை இழுத்து மூடிக்கொண்டு ஊதினார்.

அந்த நேரம் பார்த்து என் அக்கா மகளின் கலியாணம். மொன்றியலிலிருந்து வரவேண்டிய நாதஸ்வரக்காரர் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். தவில்காரர் மட்டும் வந்து சேர்ந்தார். நான் ஓடிப்போய்க் கியூபாக்காரரின் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, மேடையா?" என்றார். எங்களோடு பழகி நாலைந்து தமிழ்ச் சொல் வைத்திருந்தார்.

"ஓம், மேடைதான்."

மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். சடங்குக்குப் புல்லாங்குழல். யாராவது விரலை உயர்த்தி ஆட்டினால் தாலி ஏறப்போகிறது, உடனே சக்ஸபோனை எடுத்து உச்சத்தில் ஊத வேண்டும்.

'யாராவது' என்றேனே, அங்கேதான் என் புத்தி கெட்டது. முன்வரிசையில் சீனி வருத்தக்கார அங்கிள் ஒருவர், பலகாரத் தட்டு நீட்டியவரிடம் வேண்டாம் என்று விரலை ஆட்டினார்.

சக்ஸபோன் முழங்கியது. தவிலும் பாய்ந்தது. சபை அறுகரிசியை அள்ளி எறிந்தது. மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைத் தூக்க, ஐயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும் தம்பி! முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு!"

நிறுத்தச் சொல்ல ஓடினேன். எனக்கு முன்னால் எழுந்து நின்றது, கலியாணத்துக்கு வந்திருந்த மூன்றாம் மாடி அன்ரி!

"நிப்பாட்டக்கூடாது! கெட்டிமேளம் இடையில நிண்டால் அபசகுனம். ஊதும் தம்பி, ஊதும்!" என்று கத்தியபடி விரலை ஆட்டினார். கியூபாக்காரருக்கு அது போதாதா?

ஐயோ, பத்து நிமிடம்! கழுத்து நரம்பு புடைக்க, வேட்டி வியர்வையில் நனைய, கியூபாத் தாளத்துக்குத் தாவினார். தவில்காரர் விடாமல் துரத்தினார். கிழடு கட்டையெல்லாம் கதிரையில் இருந்தபடியே ஆடின. தாலி ஏறிய பிறகுதான் மனிதர் வாயை எடுத்தார்.

மறுநாள் உடுப்புத் துவைக்கப் போயிருந்தேன். அன்ரி கூடையோடு இறங்கி வந்தார். அந்தக் கடைசி முறைப்பாடு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஏழு மணி தாண்டீட்டுது. எங்க அவர், இன்னும் காருக்குள்ளயா கிடக்கிறார்? இஞ்ச வந்து ஊதச் சொல்லும்!" என்றார்.

இப்போது கியூபாக்காரரும் தவில்காரரும் ஒரே குழு, வாரத்துக்கு ஒரு மேடை. எங்கள் கட்டடத்தை விட்டு, பக்கத்து நகரமான விட்பிக்கு வீடும் மாறிப் போய்விட்டார். எனக்குப் பெருமைதான். ஆனாலும் ஏழு மணியானால், அழுக்குத்துணி இல்லாத நாளிலும் நானும் அன்ரியும் கீழே இறங்கி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம்.