பன்னிரண்டாவது திராட்சை

தண்ணீர்த் தொட்டி ஆளைத் துரத்திக்கொண்டு வர முடியாத இடம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான், அது நடுக்கடல். இதைக் கண்டுபிடித்த பெருமை மஸத்லான் நகரத்து வாடகை வண்டிக்காரர் குமாரோவையே சேரும்.

எல்லாம் அந்தத் திராட்சையால் வந்த வினை. வருஷம் பிறக்கும்போது மணி பன்னிரண்டு அடிக்க அடிக்க, அடிக்கொரு திராட்சை வாயில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மற்றவர்கள் மனசுக்குள் வேண்டிக்கொள்வார்கள். குமாரோவுக்கு அன்றைக்கு உற்சாகம் இரண்டு கிளாஸ் கூடுதலாக உள்ளே போயிருந்தது. பதினோரு திராட்சைக்கு மேல் வேண்டிக்கொள்ள ஒன்றும் அகப்படாமல், பன்னிரண்டாவதை உயர்த்திப் பிடித்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை இந்த வருஷம் தன் கையாலேயே கழுவுவேன் என்று சபதம் போட்டுவிட்டார். மனைவி ஒதிலியா, மகள் யரேலி, மருமகன் நபோர், மகளின் ஞானத்தாய் ரோசவுரா, நாலு பேரும் சாட்சி.

அதற்கு முன் ஐந்து வருஷமாக அந்தத் தொட்டியைத் தொட்டவர் கிடையாது. அதற்குப் பின்னும்தான் யார் தொட்டார்கள்? ஜனவரியில் முழங்கால் வலி. பிப்ரவரியில் கார்னிவல், ஊரே வண்டி ஏறுகிறது, நேரமில்லை. மார்ச்சில் தவக்காலம், தவக்காலத்தில் ஏணி ஏறக் கூடாது என்று திருச்சபைக்கே தெரியாத ஒரு விதியை எடுத்துவிட்டார். கோடையில் வெயில். செப்டம்பரில் மழை, மேலிருந்து கொட்டுகிற மழையே தொட்டியைக் கழுவிவிடாதா என்று கேட்டார். மூடி போட்ட தொட்டி என்று ஒதிலியா நினைவூட்டினாள்.

நவம்பரில் நிலைமை முற்றியது. யரேலியின் மூன்று மாதக் குழந்தைக்கு மாதக் கடைசி ஞாயிறு ஞானஸ்நானம். குழாயைத் திறந்தால் பச்சையாக ஒரு நூல் தொங்குகிறது. இந்தத் தண்ணீரில் என் பேத்தியைக் குளிப்பாட்ட மாட்டேன் என்று ஒதிலியா சொல்லிவிட்டாள்.

"ஆள வெச்சுக் கழுவிடலாமா, கிழவா?"

"திராட்சையைத் தின்னது நான். கூலிக்கு வந்தவன் கழுவினா சாமி ஒத்துக்குமா?"

"அப்ப நீ கழுவு."

"கழுவறேன். நல்ல நாள் பாத்துக் கழுவறேன்."

நல்ல நாள் பார்க்கத் துறைமுகத்துக்குப் போன மனிதர் கப்பல் பயணச்சீட்டோடு திரும்பி வந்தார். தெற்கே வயார்த்தா துறைமுகத்தில் ஏறி ஒரு வாரம் கடற்கரையோரமாகச் சுற்றுகிற சொகுசுக் கப்பல். நீ உழைத்து ஓய்ந்துபோய்விட்டாய், உனக்கு ஓய்வு வேண்டும் என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார். உள்ளே ஓடிய கணக்கு வேறு. திரும்புவது சனிக்கிழமை, ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் வேறு வழியில்லாமல் மருமகன் நபோரே தொட்டியில் இறங்கிவிடுவான். மருமகன் வீட்டு ஆள்தானே, அவன் கழுவினால் சாமி ஒத்துக்கொள்ளும்.

அந்தக் கப்பல் புதன்கிழமை காலை மஸத்லானிலேயே வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக அந்தக் கப்பலில் வருகிறவர்களைத்தான் தன் திறந்த வண்டியில் ஏற்றி ஊர்சுற்றிக் காட்டுகிறார். அன்றைக்குக் கப்பலை விட்டு இறங்குவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

ஒதிலியா சட்டியில் கிடந்த சோளரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, சரி போகலாம் என்றாள். முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மனிதர் அப்போதே பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் பெட்டி கட்டினார்.

கப்பல் என்னவோ சொர்க்கம்தான். சாய்வு நாற்காலி, நீச்சல் குளம், கூப்பிட்ட குரலுக்குத் துண்டு. சாப்பாடுதான் ஆஸ்பத்திரி. பதினான்கு வகை இறைச்சி, பதினான்குக்கும் ஒரே ருசி. இது நடக்கும் என்று தெரிந்துதான் குமாரோ வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் மிளகாய்க் கரைசலைக் காலுறைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்.

"கிழவி, என் மிளகாய் பாட்டில் எங்க?"

"எந்த பாட்டில்?"

"காலுறைக்குள்ள வெச்சேனே."

"காலுறை இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன, மாட்டிக்க."

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் 'மெக்ஸிகோ விருந்து' என்று பலகை வைத்தார்கள். குமாரோ முதல் ஆளாக ஓடினார். ரொட்டிமேல் ஊற்றிய சிவப்புக் கரைசல் இனித்தது. ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து, தாயை யாரோ திட்டிவிட்ட மாதிரி கலங்கிப்போய் அறைக்கு வந்து படுத்துவிட்டார்.

ஒதிலியா பக்கத்தில் உட்கார்ந்து, கரையிறங்கும் சுற்றுலாப் பட்டியல் ஒன்றைப் பிரித்து, பாட்டு மாதிரி நிதானமாக வாசித்தாள். மஸத்லானில் ஓர் உள்ளூர்க் குடும்பத்தில் மதியச் சாப்பாடு. எலுமிச்சையும் பச்சைமிளகாயும் அரைத்த சாற்றில் ஊறின இறால். மிளகாயில் வதக்கிய பன்றிக்கறி. கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருகிற சோளரொட்டி. அதோடு குடும்பத்துப் பழக்கவழக்கங்களையும் பார்க்கலாமாம்.

குமாரோ எழுந்து உட்கார்ந்தார். வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு யோசித்தார். தொட்டி இருப்பது தன் வீட்டில். சாப்பாடு இருப்பது எவன் வீட்டிலோ. போனோம், தின்றோம், வந்தோம் என்று கப்பலேறிவிட்டால் தொட்டிக்கு எப்படித் தெரியும்?

"யார் வீடு அது?"

"உள்ளூர்க் குடும்பம்னு போட்டிருக்கு."

"நம்ம பக்கமா இருந்துட்டா?"

"மஸத்லான்ல என்ன ஒரு வீடா, ரெண்டு வீடா? உனக்கு வேணாம்னா விடு. காலைல இங்கயே கஞ்சி தருவாங்க."

புதன்கிழமை காலை குமாரோ பெரிய ஓலைத் தொப்பியும் மனைவியின் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஆளே அடையாளம் தெரியாமல் இறங்கினார். துறைமுக வாசலில் வரிசையாக நின்ற பதினோரு வண்டிக்காரர்களும், குமாரோ, கண்ணுக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். அவர் கேட்காதது மாதிரி வேனில் ஏறிக்கொண்டார்.

வேன் நிறைய வெள்ளைக்காரர்கள். ஊருக்குள் போகப் போக அவருக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது. நம் மருந்துக்கடை மாதிரியே இங்கேயும் ஒன்று இருக்கிறதே என்றார். அப்படியா என்றாள் ஒதிலியா. நம் முனையில் இருக்கிற மாதிரியே இவர்களும் ஒரு பள்ளம் வைத்திருக்கிறார்களே என்றார். ஒரே நகராட்சிதானே என்றாள் அவள். பக்கத்து வீட்டு நாய் மாதிரியே ஒரு நாய் ஓடிவந்து, வேன் ஜன்னலைப் பார்த்து வாலாட்டியபோதுதான் அவர் தொப்பியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

வேன் அவர் வீட்டு வாசலில் நின்றது.

வாசலில் வண்ணக் காகிதத் தோரணம். முற்றத்தில் வாடகை நாற்காலிகள். அடுக்களையில் யரேலி ரொட்டி தட்டுகிறாள், இறால் வாசனை தெருவரைக்கும் வருகிறது. நடுவில் கையில் பட்டியலோடு ரோசவுரா நின்றாள். துறைமுகத்தில் சுற்றுலாக்களுக்கு ஏற்பாடு செய்கிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை என்பது அந்தச் சமயத்தில்தான் குமாரோவின் நினைவுக்கு வந்தது.

ரோசவுரா ஆங்கிலத்தில் பேச, என்ன பேசுவாள் என்று முன்பே தெரிந்த ஒதிலியா, கட்டணத்துக்கு மேல் ஆங்கிலம் அறியாத புருஷன் காதில் ஓதினாள். இந்த வீட்டுத் தலைவர் பன்னிரண்டாவது திராட்சையில் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியைத் தன் கையாலேயே கழுவ வேண்டும். அவர் கழுவிவிட்டுக் கீழே இறங்கிய பிறகுதான் இந்த வீட்டில் யாருக்கும் தட்டு வரும். இருபத்திரண்டு வெள்ளைக்காரர்களும் திரும்பி, பசியோடு குமாரோவைப் பார்த்தார்கள்.

அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். முழங்கால் வலிக்கிறது, ஏற முடியாது என்று ரோசவுராவிடம் முனகினார். அவள் அதையும் மொழிபெயர்த்தாள். என்ன சொன்னாளோ, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்ன?"

"முழங்கால் போனாலும் பரவாயில்லை, பேத்திக்காக ஏறுவேன்னு நீங்க சொல்றதா சொன்னேன்."

சுவரோரம் ஏணி தயாராக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நபோர் நின்றான்.

"நீ கழுவியிருப்பேன்னு நெனச்சேன்டா மாப்ள."

"நான் வாளியோட போனேன், மாமா. உங்க நேர்த்திக்கடன்ல கை வெச்சா கை வெளங்காதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. நீங்க ஏறுங்க, நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்."

ஏறினார். மேலே பிரஷ், பிளீச்சிங் பவுடர், வாளி எல்லாம் வரிசையாக இருந்தன. தண்ணீரை முதல் நாளே வடித்துவிட்டிருந்தார்கள். தொட்டிக்குள் இறங்கியவர் முதலில் வெளியே எறிந்தது ஒரு செருப்பு. நாலு வருஷத்துக்கு முன் ஆன்டெனாவைத் திருப்பத் தொட்டிமேல் ஏறி, மூடி நழுவியபோது காணாமல் போன அவருடைய இடது கால் செருப்பு. அது முற்றத்தில் போய் விழ, வெள்ளைக்காரர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படம் எடுத்தார்கள். நாலு வருஷமாக அதன் சாற்றைத்தான் குடித்திருக்கிறோம் என்று யரேலிக்குக் குமட்டியது.

கை தட்டுகிறார்கள் என்றால் எந்த மனிதனுக்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பத்து நிமிஷத்தில் குமாரோ தொட்டிக்குள்ளிருந்து பாடத் தொடங்கினார். தொட்டிக்குள் குரல் கோயில் மணி மாதிரி முழங்கியது. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் தலையை வெளியே நீட்டி, பிரஷ்ஷை உயர்த்திக் காட்டினார். அரை மணி வேலையை ஒரு மணி நேரம் செய்தார்.

இறங்கி வந்தபோது முற்றமே எழுந்து நின்றது. நபோர் மோட்டார் போட்டுத் தொட்டியில் புதுத் தண்ணீர் ஏற்ற, யரேலி குழாயைத் திறந்தாள். கண்ணாடி மாதிரி தண்ணீர் விழுந்தது. குழந்தையை அதில் குளிப்பாட்ட, அது காலை உதைத்துச் சிரித்தது. குமாரோவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சீ, இந்த ஒரு மணி நேரத்துக்கா பதினோரு மாதம் ஓடினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு இறாலில் கையை வைத்தார். காரம் உச்சந்தலையில் ஏறிக் கண்ணீர் வழிந்தது. சொர்க்கம்.

"முடிஞ்சுது கிழவி. திராட்சைக் கடன் தீந்துது. இனி அஞ்சு வருஷத்துக்கு அந்தத் தொட்டிப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

ரோசவுரா பட்டியலில் அடுத்த வாரத்துத் தாளைப் புரட்டி ஒதிலியாவிடம் காட்டினாள். ஒதிலியா அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, புருஷன் தட்டில் பெரிய இறாலாக ஒன்று எடுத்து வைத்தாள்.

"நல்லா சாப்பிடு, கிழவா. கப்பல் மே மாசம் வரைக்கும் புதனுக்குப் புதன் வருது."