ஆயுத பூசைக்கு ஓய்வெடுத்த பதிவுப் பெட்டி

மதிப்புக்குரிய மச்சான் மணிவேல் அவர்களுக்கு,

திருவண்ணாமலையிலிருந்து அருணகிரி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை உண்ணாமலையும் சௌக்கியம். வேலூரில் உங்கள் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். சௌக்கியமில்லாமல் இருப்பது என் இன்டர்நெட் கம்பெனி மட்டும்தான். அதைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று போனில் சொன்னீர்கள். போனில் பதில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதத்தில் சொல்கிறேன். விற்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்களைப் போல் லைன் கொடுக்கிறவர்கள், எந்த வாடிக்கையாளர் எந்த நேரத்தில் எந்த இணைய முகவரியில், அதாவது எந்த ஐபி எண்ணில், இருந்தார் என்கிற பதிவை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பெரிய கம்பெனிகளுக்கு அதற்கென்றே கட்டிடங்கள் இருக்கின்றன. எனக்கு இருப்பது எங்கள் படுக்கையறை. கட்டில் இருந்த இடத்தில் பதிவுப் பெட்டி, பீரோ இருந்த இடத்தில் அதற்கான பேட்டரி. ஏசி பெட்டிக்கு, மின்விசிறி எங்களுக்கு. ஆறு வருஷமாக நாங்கள் கூடத்தில்தான் படுக்கிறோம். பெட்டியைத் தனியாக விட எனக்கு மனசு வராது. உங்கள் பெண் கல்யாணத்துக்குக்கூட, தாலி கட்டும் நேரத்துக்கு நான் வந்து சாப்பிடாமல் ஓடிய காரணம் இப்போது புரிந்திருக்கும். என்னிடம் இருக்கும் முகவரிகள் கம்மி. ஒரே முகவரியை அறுபது வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அறுபதும் ஒரே ஆள்தான். எது யார் என்று தெரிந்த ஒரே ஜீவன் அந்தப் பெட்டி.

இப்படி இருக்கும்போது பத்து நாள் முன்பு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆயுத பூசை அன்று காலை பதினொன்று இருபதுக்கு என்னுடைய இன்ன முகவரியிலிருந்து பெயரில்லாத மனு ஒன்று வந்திருக்கிறதாம். அனுப்பியவர் யார் என்ற விவரத்தோடு இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை நேரில் வர வேண்டுமாம், தவறினால் உரிமம் போய்விடுமாம். என்ன மனு என்று ஒரு வரிகூட இல்லை. அலட்டிக்கொள்ளாமல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் இருக்கிறது, மறுநாள் இருக்கிறது, ஆயுத பூசை மட்டும் இல்லை.

யார் மேலும் பழி போட வழியில்லை மச்சான், அணைத்தது நான்தான். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமா இல்லையா? லைன் கொடுக்கும் இயந்திரத்தை நிறுத்தினால் அடி அண்ணாமலை கிராமம் மொத்தமும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதனால் அதை ஓடவிட்டு, பதிவுப் பெட்டியை மட்டும் என் கையால் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள் காலைவரை தொடவில்லை. வருஷா வருஷம் இதே வழக்கம். எல்லோரும் பூசையில் இருக்கும் நாளில் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

என்னிடம் பன்னிரண்டு வருஷமாகக் கேபிள் இழுக்கும் வேடியப்பன் ஒரு யோசனை சொன்னான். "முந்தின நாள் பதிவ எடுத்து தேதிய மாத்தி வெச்சிடலாம்ணா. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "முந்தின நாளு அந்த நேரத்துல ஒரு அப்பாவி பேரு இருக்கும்டா. நாளைக்கு அவன் வீட்டு வாசல்ல ஜீப்பு நின்னா நீ பதில் சொல்லுவியா?" என்று கத்திவிட்டேன். அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கி, பெயர், நேரம், காரணம் என்று கோடு போட்டு, அந்த முகவரியைப் பங்கு போட்ட வீடுகளில் ஏறி இறங்க ஆரம்பித்தேன்.

அடி அண்ணாமலையில் ஆதிலட்சுமி, "பதினோரு மணிக்கா? டிராக்டருக்கு மாலை போட்டுனு இருந்தோம். அது கிடக்கட்டும், எங்க வூட்டுல நாலு நாளா நெட்டே வரல, அத மொதல்ல எழுதுங்க" என்றாள். எழுதினேன். மாடி ஏறிச் சரிசெய்தும் கொடுத்தேன். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் மௌன விரதம். விண்ணப்பத்தில் ஆனந்தன் என்று கையெழுத்து, பாஸ்போர்ட்டில் வாயில் நுழையாத வேறு பெயர். உண்மையில் நீங்கள் யார் என்று காகிதத்தில் எழுதிக் கேட்டேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாலு வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? டீக்கடை தனம் அக்காதான் மடக்கிவிட்டார். "அப்போ நான் பாக்கறதெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்றார். என்ன பார்த்தீர்கள் என்று தெரியாது, எப்போது என்று மட்டும்தான் தெரியும் என்றேன். "ராத்திரி எத்தினி மணி வரைக்கும் முழிச்சினு இருக்கேன்னு தெரியுதில்ல? அது போதாதா?" என்று லைனையே கழற்றச் சொல்லிவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

எட்டு நாளில் அறுபது வீடும் முடிந்தது. ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நான் பின்வாங்கப் போவதில்லை. திங்கட்கிழமை நோட்டோடு போய், பெட்டி பூசையில் இருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். அதற்குள் ஆள் கிடைத்தால், அது யாராக இருந்தாலும், என் சொந்த பந்தமாகவே இருந்தாலும், பெயரைக் கொடுப்பேன். இது உறுதி.

அண்ணாமலையார் உங்கள் வீட்டாரையும் அப்படியே என் உரிமத்தையும் காப்பாற்றட்டும். பேரப்பிள்ளைக்கு என் ஆசியும் முத்தமும்.

இப்படிக்கு, தங்கள் அன்பு மச்சான்,
அருணகிரி

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கொடுத்தேன், உங்கள் தங்கை கடிதத்தைப் படித்துவிட்டாள். "அறுபது வீடுன்னு எழுதியிருக்கீங்களே, அதுல நம்ம வீடு ஒண்ணு இல்லியா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். பிறகு செல்போனில் அந்த மனுவைக் காட்டினாள். 'ஐயா, இரண்டு வருஷத்தை ஆறு மாசமாகக் குறைக்கவும். என் வீட்டுக்காரர் பெட்டியை விட்டு நகர்வதில்லை. எனக்கு என் படுக்கையறை வேண்டும்.' பெயர் போடாதே, நெட்டில் யாரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானாமே. கொஞ்ச நேரம் எனக்கு வேடியப்பன் யோசனை நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அதற்குள் அவளே நோட்டைப் பிடுங்கி, கடைசி வரியில் பெயர், நேரம், காரணம் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். "பேரில்லாம கேட்டதுக்குத்தான் பதில் வரல. திங்கக்கெழமை நானும் வர்றேன், பேரோட நேர்லயே கேக்கறேன்" என்கிறாள். ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வந்துவிடுங்கள். நாங்கள் இரண்டு பேரும் வேங்கிக்கால் போய்த் திரும்பும்வரை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.