ஆறடிக்கு ரெண்டடி கல்லு

நான் கேட்டது ஒரு கல்லு. ஆறடி நீளம், ரெண்டடி அகலம். இதை முதல்லயே சொல்லிப்புடுறேன். ஏன்னா இப்ப ஊருக்குள்ள ஆளாளுக்கு "முத்துமீனாதான் ரோடு கேட்டுச்சு, முத்துமீனாதான் பாலம் கேட்டுச்சு"ன்னு பேசிக்கிட்டுத் திரியிறாங்க. அம்மா சத்தியமா கல்லுதான் கேட்டேன்.

நானும் ருமானாவும் எம்.ஏ. வரலாறு, ஒரே பெஞ்சு. அவ வீடு டவுனுக்குள்ள, காஜிமார் தெரு. என் வீடு நாகமலை புதுக்கோட்டை. ஞாயித்துக்கிழமை வெள்ளனா அஞ்சு மணிக்கு அவ சைக்கிள்ல வந்து எங்க வாசல்ல பெல் அடிப்பா, ரெண்டு பேரும் மேக்க பாத்துக் கெளம்பிருவோம். மெயின் ரோட்டுல போனா லாரிக்காரன் நம்ம காதுக்குள்ளயே ஹாரன் வைப்பான். அதனால மயிலாங்கண்மாய்க் கரையில ஏறி, சோளக்காடு, பருத்திக்காடு, ஓடைன்னு ஒத்தையடிப் பாதையாவே புடிச்சு, எழுமலையில ஆளுக்கு மூணு தோசையத் தின்னுபுட்டு, பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிருவோம். போக வர எம்பத்தஞ்சு கிலோமீட்டர். என்னோடது ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட்டு சும்மா குடுத்த சைக்கிள். செயின் கவர் இல்ல, ஸ்டாண்டு பாதி இல்ல, மத்தபடி அம்சமான வண்டி.

அந்தக் கரையில ரெண்டு பக்கமும் மருதமரம் நிக்கும். சித்திரை வெயில்லயும் தரையில வெயில் விழாது. மீன்கொத்தி நம்ம முன்னாடியே பறந்து பறந்து வழி காட்டும். குறைன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணு. கரையில பாதித் தூரத்துல மடை ஒடஞ்சு கெடக்கு. மேல கெடந்த பலகைக்கல்லு வாய்க்காலுக்குள்ள விழுந்து எம்புட்டோ வருசமாச்சு. அங்க வந்தா எறங்கி, சைக்கிளத் தலைக்கு மேல தூக்கி, முழங்கால் சகதியில நடந்து அக்கரை ஏறணும்.

கரையில ஆடு மேய்க்கிற ராமக்காள் அக்கா வாராவாரம் இந்தக் கூத்தப் பாக்கும்.

"ஏத்தா, சைக்கிளு உங்களச் சொமக்கணுமா, நீங்க சைக்கிளச் சொமக்கணுமா? ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க தாயி."

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. ஒரு கல்லு போட ஒரு கவர்மெண்ட்டுக்கு வக்கில்லையா? மறுநாள் திங்கக்கிழமை, குறைதீர்க்கும் நாள். மரங்களோட போட்டோ ஒண்ண மனுவுல ஒட்டி, நேரா கலெக்டர் ஆபீஸ் போய் வரிசையில நின்னுட்டேன்.

மனுவ வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்துறவரு பால்பாண்டி அண்ணே. நல்ல மனுசன். எல்லாக் கெடுதலும் அவரு நல்ல மனசுலருந்துதான் ஆரம்பிச்சுச்சு.

"கல்லு எதுக்கும்மா?"

"சைக்கிள்ல போக, அண்ணே."

"எங்க போக?"

"எழுமலைக்கு."

"எழுமலையில யாரு இருக்கா? சொந்தமா? வேலையா? ஆஸ்பத்திரியா?"

"யாரும் இல்லண்ணே. சும்மா போய்ட்டு வருவோம்."

அவரு ஸ்க்ரீன மேலயும் கீழயும் உருட்டிப் பாத்தாரு. "சும்மான்னு ஒரு காரணம் இதுல இல்லையேம்மா. விவசாயம் இருக்கு, மருத்துவம் இருக்கு, ஈமச்சடங்கு கூட இருக்கு. சும்மா இல்ல."

"அப்ப காலியா விடுங்க."

"காலியா விட்டா உள்ள வாங்காது." என் மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டாரு. "சுற்றுலான்னு போட்டுறவா? அதான் கிட்டத்தட்ட சும்மா மாதிரி வருது."

நானும் தலைய ஆட்டிட்டேன். வரலாறு படிக்கிற புள்ள நான். ஒரு சாம்ராஜ்யம் எந்த எடத்துல சரிஞ்சுச்சுன்னு மார்க்குக்கு அஞ்சு பாய்ண்ட் எழுதுவேன். என் சாம்ராஜ்யம் சரிஞ்ச எடத்துல தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

பன்னெண்டே நாள்ல ஒரு புது ஆபீஸ் தெறந்தாங்க. பேரு, 'எழில்மிகு மிதிவண்டித் தட மேம்பாட்டுச் சிறப்புப் பிரிவு.' தனி அலுவலர் ஒருத்தரு, ஜீப்பு ஒண்ணு, ஜீப்புக்கு டிரைவர் ஒருத்தரு, டிரைவருக்கு உதவியாளர் ஒருத்தரு. மிதிவண்டி மட்டும் ஒண்ணும் கெடையாது.

தனி அலுவலர் பேரு வெள்ளைத்துரை. ஒரு நாள் ஜீப்ப எடுத்துக்கிட்டு கண்மாய்க்கு வந்தாரு. கரை மூணடி அகலம். ஜீப்பு கீழயே நின்னு மூச்சு வாங்குது.

"இதான் சார் பாதை. என் சைக்கிளத் தாரேன், ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வாங்க"ன்னேன்.

"விதியில எடமில்லம்மா. ஆய்வுன்னா அரசு வாகனத்துலதான் போகணும்."

"இதுவும் அரசு சைக்கிள்தான் சார். முத்திரையப் பாருங்க."

குனிஞ்சு பாத்தாரு. "உனக்குக் குடுத்துட்டாங்கல்ல? குடுத்தப்பறம் அது எப்படி அரசோடதாகும்?"

"அப்ப நடந்து போங்க."

"நடந்து போய் எழுதுனா அது நடைபாதை ஆய்வும்மா. எங்க பிரிவு மிதிவண்டித் தடம்."

இருவது வருசத்துல என் வாய அடைச்ச மொத ஆளு அவருதான். ஜீப்பு பானட்டு மேல பேப்பர வச்சு அங்கனயே குறிப்பு எழுதுனாரு: "மேற்படி மிதிவண்டித் தடத்தில் ஜீப் செல்ல இயலாத நிலை உள்ளதால், இது மிதிவண்டித் தடம்தானா என்பதை உறுதி செய்ய இயலவில்லை. எனவே ஜீப் செல்லத்தக்க வகையில் அகலப்படுத்தி, அதன்பின் ஆய்வு செய்யலாம்."

"சார், கல்லு?"

"ஆய்வு முடியாம கல்லு எப்படிம்மா?"

அடுத்த வாரம் ஜேசிபி வந்துச்சு. முப்பத்தெட்டு மருதமரம். நானும் ருமானாவும் ரெண்டு மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னோம். மரம் வெட்ட வந்த ஆளு பொறுமையா, "நீங்க நிக்கிறதக் கடைசியா வெட்டிக்கிறோம் பாப்பா, அவசரமில்ல"ன்னுட்டு மத்த முப்பத்தாறையும் வெட்டுனாரு. சாயங்காலம் எங்களுக்குப் பசிச்சிருச்சு. மிச்சம் ரெண்டும் போச்சு.

பதினாலடி அகலத்துல தாரு போட்டுக்கிட்டே வந்தவங்க, மடைகிட்ட வந்ததும் டக்குனு நிறுத்திட்டாங்க. ஏன்னா கரை இவங்களுது, மடை வேற டிபார்ட்மெண்டாம். வேற டிபார்ட்மெண்டு ஓட்டைய இவங்க அடைக்கக் கூடாதாம்.

ரெண்டாவது ஆய்வுக்கு வெள்ளைத்துரை சாரு ஜீப்புலயே கரை மேல வந்தாரு. மடை வரைக்கும் போனாரு, வந்தாரு. கண்ணாடிய எறக்குனாரு.

"பாதை நல்லாருக்கு. ஆனா எழில் எங்கம்மா? எழில்மிகு தடம்னுதான் ஆபீஸுக்குப் பேரே. ஒரு நெழல் கூட இல்லையே?"

எனக்கு நாக்கு வரைக்கும் வந்த வார்த்தைய இங்க எழுத முடியாது. ராமக்காள் அக்கா முந்திக்கிச்சு.

"எழிலா? போன மாசந்தானய்யா மூணு லாரியில ஏத்திவிட்டீக. அப்பயே பாத்துருக்கலாம்ல?"

அவரு அதையும் மறுக்காம எழுதிக்கிட்டாரு. 'எழில் பற்றாக்குறை நிலவுகிறது.' பற்றாக்குறைன்னு எழுதிட்டா நிதி வரும். நிதி வந்துச்சு. சிமெண்டு மானு ரெண்டு, வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிற பென்குயின் குப்பத்தொட்டி நாலு, ஒட்டகச்சிவிங்கி ஒண்ணு.

"சார், மயிலாங்கண்மாய்க்கு ஒட்டகச்சிவிங்கி எங்கிட்டிருந்து சார் வந்துச்சு?"

"டெண்டர்ல அதுதாம்மா மிச்சம் இருந்துச்சு."

எல்லாத்துக்கும் மேல, நாப்பதடி நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதுல என்ன படம்னு நெனைக்கிறீங்க? முப்பத்தெட்டு மருதமரம். என் மனுவுல நான் ஒட்டுன போட்டோ! மரம் நின்ன எடத்துலயே மரத்தோட படத்த நட்டு வச்சிருக்காங்க. ராமக்காள் அக்காவோட ஆடெல்லாம் ஃப்ளெக்ஸுக்குப் பின்னாடி நெழலுக்குப் படுத்துக்கிச்சு. பயன்பாட்டுக்கு வந்துருச்சுன்னு அதையும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

மனு குடுத்து எட்டு மாசம் கழிச்சு தெறப்பு விழா. டவுன்லருந்து 'பெடல் பாண்டியாஸ்'னு ஒரு சைக்கிள் க்ளப்பு வந்துச்சு. இருவத்திரெண்டு பேரு, இருவத்திரெண்டு காரு, ஒவ்வொரு காரு முதுகுலயும் ஒரு சைக்கிள். உடம்போட ஒட்டிக்கிட்டு வெங்காயச் சருகு மாதிரி ஒரு சட்டை, கண்ணுக்கு வானவில் கண்ணாடி. ஒரு அண்ணே என் வண்டிய ரொம்ப நேரம் சுத்திச் சுத்திப் பாத்தாரு.

"எத்தனை கியர்?"

"ஒண்ணுண்ணே."

"ஃப்ரேம் கார்பனா?"

"துருண்ணே."

"வாவ். விண்டேஜ்!"

"எழுமலை வரைக்கும் வாரீங்களாண்ணே?"

"எழுமலையா? சைக்கிள்லயா?" சிரிச்சாரு. "இங்க பத்து போட்டோ, அப்புறம் டவுன்ல போய் டிபன். ரைடுன்னா அளவா இருக்கணும் சிஸ்டர்."

அதுக்குள்ள பெரிய அதிகாரி ரிப்பன வெட்டிட்டாரு. வெள்ளைத்துரை சாரு என்னையப் புடிச்சு முன்னாடி தள்ளி, "இவங்கதான் சார் மனுதாரர்"னாரு. பெரிய அதிகாரி மைக்க என் கையிலயே குடுத்துட்டாரு.

"சொல்லும்மா. வேற என்ன வேணும்? இங்கயே, இப்பவே ஆர்டர் போடுறேன்."

எட்டு மாசக் கோவம் எனக்கு. கல்லு எங்கடான்னு கேக்குறதுக்கு நெஞ்சு நெறைய மூச்ச இழுத்தேன். ருமானா என் காலு மேல ஏறி நின்னுட்டா.

"ஆ!"ன்னேன், மைக்குல.

"அடியே, மடைக்கு அங்கிட்டுப் பாரு"ன்னா காதுக்குள்ள.

பாத்தேன். மடைக்கு இங்கிட்டு ஒட்டகச்சிவிங்கி. மடைக்கு அங்கிட்டு மருதமரம், மரமா நிக்குது. மூணடிப் பாதை, பாதையாவே கெடக்கு. மீன்கொத்தி அங்கன போய் உக்காந்துக்கிட்டு எங்களையே பாக்குது.

"மடை ஒடஞ்சு கெடக்கப் போய்த்தாண்டி அங்கிட்டு ஜீப்பு போகல. ஜீப்பு போகாததாலதான் அங்கிட்டு இன்னும் பாதை இருக்கு. கல்லுன்னு வாயத் தெறந்த, அல்லா மேல ஆணையா உன்னையத் தூக்கி அந்த வாய்க்கால்லயே போட்டுருவேன்."

"ஒண்ணும் வேணாம் சார்"னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. எம்புட்டு அடக்கமான புள்ளன்னு ஒரு அம்மா பக்கத்துல சொல்லுச்சு. என்னையப் போய்!

கூட்டம் கலையறப்ப வெள்ளைத்துரை சாருகிட்ட மெதுவா கேட்டேன். "சார், அந்தக் கல்லு மனுவ நான் வாபஸ் வாங்கிக்கிறவா?"

பதறிட்டாரு. "வாங்கிறாதம்மா! மனு நிலுவையில இருக்குற வரைக்கும் அந்த மடைய எந்த டிபார்ட்மெண்டும் தொட முடியாது. நீ வாபஸ் வாங்கி, கோப்ப மூடிட்டேன்னு வையி, எவனாவது ஒருத்தன் அங்க நல்லது செஞ்சுபுடுவான்."

எனக்கு அப்பதான் ஞானம் பொறந்துச்சு. நம்ம ஊர்ல ஒரு எடத்தக் காப்பாத்தணும்னா வேலியும் வேணாம், போராட்டமும் வேணாம். அதச் சரிபண்ணச் சொல்லி மனு குடுத்தாப் போதும். பொட்டலூரணிக்காரங்க முப்பது வருசமா பஸ் கேட்டுக்கிட்டிருக்காங்க, அந்த ஊரு அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குல்ல?

அன்னைலருந்து திங்கக்கிழமை தவறாம போய் நின்னேன். "மடையில கல்லு போடுங்க." அடுத்த திங்கக்கிழமை, "மடையில உடனே கல்லு போடுங்க." அதுக்கடுத்து, "மடையில போர்க்கால அடிப்படையில் கல்லு போடுங்க." பால்பாண்டி அண்ணே ஒவ்வொண்ணையும் பக்தியா ஏத்துனாரு. ஞாயித்துக்கிழமையானா சைக்கிளத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, முழங்கால் சகதியில, நானும் ருமானாவும் சிரிச்சுக்கிட்டே அக்கரை ஏறுனோம். சகதி இம்புட்டு இனிக்கும்னு எனக்கு முன்ன தெரியாது. ராமக்காள் அக்காவும் ஆட்ட அங்கிட்டுப் பத்திக்கிட்டுப் போயிருச்சு. "போன வாரம் அழுதீக, இந்த வாரம் சிரிக்கிறீக. படிச்ச புள்ளைகளே இப்படித்தான்"னு சொல்லிக்கிட்டே போச்சு.

இப்படி ஏழு திங்கக்கிழமை.

நேத்து வகுப்புல உக்காந்திருக்கேன், போனு துடிக்குது. மெசேஜ்.

"தாங்கள் அளித்த எட்டு மனுக்களும் ஒருங்கே பரிசீலிக்கப்பட்டு, பொதுமக்களின் பெருந்திரளான கோரிக்கையாகக் கருதப்பட்டன. பலகைக்கல் போதுமானதாக இராது என்பதால், கனரக வாகனங்கள் செல்லத்தக்க பாலம் அமைக்க இரு துறைகளும் இணைந்து ஆணையிட்டுள்ளன. ஒன்பதாம் தேதி அடிக்கல் நாட்டு விழா. தங்கள் பெயர் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. வாகன நிறுத்தம் கார்களுக்கு மட்டும். மிதிவண்டி எடுத்து வருவதைத் தவிர்க்கவும்."

வாழ்க்கையில மொத தடவையா, கேட்டத விட அதிகமாச் செய்யுறாங்க. மெசேஜ ருமானாகிட்ட நீட்டுனேன். படிச்சா. திரும்பப் படிச்சா. அப்புறம் ஒரு கேள்வி கேட்டா.

"கல்வெட்டு எம்புட்டு பெருசாம்?"

பால்பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ஆறடிக்கு ரெண்டடிம்மா. பளிங்கு. அருமையா வந்துருக்கு."

போகக் கூடாதுன்னுதான் நெனைச்சேன். கறுப்புக் கொடி காட்டலாமான்னு கூட யோசிச்சேன். ஆனா பளிங்குல நம்ம பேரு எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாக்காம எப்படி இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க? ஒம்பதாம் தேதி ருமானாவோட அத்தா கார எடுத்துட்டு வாராரு. பின்னாடி ரெண்டு சீட்டு காலியா இருக்கு, நீங்களும் வாங்க. வாசல்ல எதுக்கு வந்தீங்கன்னு கேப்பாங்க. சும்மான்னு மட்டும் சொல்லிறாதீங்க.